பொருளுக்கு 20, யோசனைக்கு 80

இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வில் ‘டிசைன் அண்ட் டெக்னாலஜி’ என்று ஒரு பாடம் உண்டு. பிள்ளைகள் சுருக்கமாக டி.டி. என்பார்கள். மரம், உலோகம், பிளாஸ்டிக், துணி, மின்சுற்று என எதையாவது கையாண்டு ஒரு பொருளைச் செய்து காட்ட வேண்டும். நம் ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால், “ஓ, தச்சுவேலை கற்றுத் தருகிறார்களா?” என்று கேட்பார்கள். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் விஷயம் வேறு என்று தெரியும்.

பாடத்தின் பாதி மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு. மறு பாதி, மாணவர் மாதக்கணக்கில் தாமாகச் செய்யும் திட்டப்பணிக்கு. ஏ.க்யூ.ஏ. என்ற தேர்வு வாரியம் அந்தத் திட்டப்பணியின் 100 மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கிறது: யாருக்கு என்ன தேவை என்று தேடிக் கண்டறிய 10, செய்யப்போவது என்ன என்று எழுத்தில் வரையறுக்க 10, பல யோசனைகளை உருவாக்க 20, ஒன்றைத் தேர்ந்து வளர்க்க 20, அலசிச் சோதித்துக் குறைநிறை சொல்ல 20. உண்மையான பொருளைச் செய்து முடிப்பதற்கும் 20தான். அதாவது பளபளவென்று ஒரு நாற்காலியைச் செய்து கொண்டுவந்து வைத்துவிட்டு, அது ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை இந்தப் பாடத்தில் தேறுவது கடினம்.

அந்த 80 எப்படிச் சம்பாதிக்கப்படுகிறது?

ஆண்டுதோறும் ஜூன் 1 அன்று வாரியம் சில சூழல்களை வெளியிடும். ‘இதைச் செய்’ என்று சொல்லாது. முதியோரின் அன்றாட வாழ்க்கை, நெருக்கடியான இடத்தில் வாழ்வது என்பதுபோலப் பரந்த ஒரு களத்தை மட்டும் காட்டும். பிரச்சினையைக் கண்டுபிடிப்பது பிள்ளையின் பொறுப்பு. மொத்தம் ஏறக்குறைய 30 முதல் 35 மணி நேர வேலை.

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். முதியோர் என்ற களத்தை எடுக்கிறாள். அவளுடைய பாட்டிக்கு விரல் மூட்டுகளில் வலி. ஜாம் பாட்டிலைத் திறக்க முடிவதில்லை. உடனே ‘மூடி திறக்கும் கருவி’ என்று எழுதிவிட்டால் அவள் ஏற்கெனவே பாதி தோற்றுவிட்டாள். ஆசிரியர் கேட்பார்: பாட்டி திறப்பதைப் பார்த்தாயா? போய்ப் பார்க்கிறாள். பாட்டியால் இரண்டு கையையும் சேர்த்து ஒரு பொருளைத் திருப்ப முடிகிறது. ஒரு கையால் பாட்டிலை இறுகப் பிடித்து, மறு கையால் மூடியைத் திருப்பும்போதுதான் வலிக்கிறது. கடையில் விற்கும் பெரும்பாலான கருவிகள் மூடியைப் பிடிக்க உதவுகின்றன. பாட்டிலை எந்தக் கை பிடிக்கும் என்பதைப் பற்றி அவை கவலைப்படவில்லை. ஆக, பாட்டிக்கு வேண்டியது மூடியைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கும் ஏதோ ஒன்று. பாட்டிலைத் திருப்ப இரண்டு கையும் ஓய்வாக இருக்கும்.

இதுதான் முதல் 10 மதிப்பெண். இதில் உளியும் இல்லை, ரம்பமும் இல்லை. ஒருவரை அரைமணி நேரம் உற்றுப் பார்த்தது மட்டும்தான்.

அடுத்தது வரையறை. ‘பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும், அழகாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் மதிப்பெண் வராது. எது எளிது, யாருக்கு எளிது, எப்படிச் சோதிப்பாய் என்று கேள்வி வரும். ‘40 முதல் 90 மி.மீ. வரை விட்டமுள்ள மூடிகளைப் பிடிக்க வேண்டும். சமையலறை அலமாரியின் அடியில் பொருத்தியபின் 20 மி.மீ.க்கு மேல் கீழே நீட்டக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் கெடக் கூடாது’ என்று எழுதினால் ஒவ்வொன்றையும் பின்னால் அளந்து பார்க்கலாம். சோதிக்க முடியாத வாக்கியத்தை எழுதாதே என்பது இந்தப் பாடம் தரும் பயிற்சிகளில் ஆகச் சிறந்தது என்பேன். நம் டெண்டர் ஆவணங்களை எழுதுகிறவர்களுக்கும் இதைக் கற்றுத் தரலாம்.

பிறகு யோசனைகள். பிள்ளைகளுக்கு முதலில் தோன்றியதையே கடைசிவரை கட்டிக்கொண்டு அழும் பழக்கம் உண்டு. பெரியவர்களான வடிவமைப்பாளர்களுக்கும் உண்டு. அதை உடைப்பதற்காகத்தான் பல வழிகளைத் தேடியதற்கென்றே தனியாக 20 மதிப்பெண். நம் மாணவி கயிற்றுப் பட்டை, ரப்பர் கிண்ணம், இடுக்கி எனப் பலவற்றை வரைகிறாள். கடைசியில் அலமாரியின் அடியில் திருகிப் பொருத்தும் ‘வி’ வடிவப் பலகை ஒன்றில் வந்து நிற்கிறாள். உட்பக்கம் ரப்பர் ஒட்டியிருக்கும். பாட்டிலை மூடியோடு அந்த இடைவெளிக்குள் தள்ளினால் மூடி எங்காவது ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளும். பிறகு இரண்டு கையாலும் திருப்பலாம்.

அந்த ‘வி’யின் கோணம் எவ்வளவு? கோணம் அகன்றால் மூடி இறுகாமல் வழுக்கி வெளியே வந்துவிடும். குறுகினால் நன்றாக இறுகும், ஆனால் பலகை நீண்டுவிடும். அட்டையை வெட்டிப் பார்க்கிறாள். பிறகு கணக்குப் போடுகிறாள். 40 மி.மீ. மூடியும் 90 மி.மீ. மூடியும் ஆரத்தில் 25 மி.மீ. வேறுபடுகின்றன. அந்த 25ஐப் பாதிக் கோணத்தின் சைனால் வகுத்தால், இரண்டு மூடிகளும் சிக்கி நிற்கும் இடங்களுக்கு நடுவிலுள்ள தூரம் கிடைக்கும். 20 பாகைக் கோணமென்றால் ஏறத்தாழ 144 மி.மீ.; 40 பாகையென்றால் 73 மி.மீ. பாட்டியின் அலமாரி ஆழம் எவ்வளவு என்று இப்போது அளக்கப் போகிறாள். கணித வகுப்பில் மூன்று நாள் தூக்கத்தோடு கேட்ட சைன், முதல் முறையாக அவளிடம் ஒரு வேலை கேட்டு வந்திருக்கிறது. எழுத்துத் தேர்விலும் குறைந்தது 15 சதவீதம் கணிதம் இருக்க வேண்டும் என்பது விதி.

இவ்வளவும் நடந்த பிறகுதான் பட்டறை. எந்தப் பலகை? பைன் மரம் என்றால் இழைகள் ஒரே திசையில் ஓடும். ‘வி’யின் கூர்முனையில் விசை வந்தால் இழையோடு பிளக்கலாம். பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் அப்படிப் பிளக்காது. மூலைமட்டம் வைத்துக் கோடு போடுகிறாள், அறுக்கிறாள், அரத்தால் தேய்க்கிறாள், துளை போடுகிறாள். ரப்பர் உரிந்து வருகிறது. பசையை மாற்றுகிறாள். அதையும் எழுதி வைக்கிறாள், ஏனென்றால் தோல்விக்கும் அதைத் திருத்திய விதத்துக்கும் மதிப்பெண் உண்டு. முடிந்ததும் பாட்டியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, தான் எழுதிய வரையறையின் ஒவ்வொரு வரியையும் சோதித்து, எது நிறைவேறியது, எது இல்லை என்று எழுதுகிறாள். சுமார் இருபது பக்கக் கோப்பு.

இந்தப் பாடம் இப்படித் தொடங்கவில்லை. 1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்துப் பிள்ளைகளைப் பதினொரு வயதில் தேர்வு வைத்துப் பிரித்தார்கள். தேறியவர்கள் கிராமர் பள்ளிக்கு, மற்றவர்களில் பெரும்பாலோர் செகண்டரி மாடர்ன் பள்ளிக்கு. தொழில்நுட்பப் பள்ளி என்ற மூன்றாவது வகையும் திட்டத்தில் இருந்தது. நடைமுறையில் அத்தகைய பள்ளிகள் மிகக் குறைவாகவே எழுந்தன. மூளைக்காரருக்கு லத்தீன், மற்றவருக்கு ரம்பம் என்பதுதான் சாரம். ரம்பத்திலும் பிரிவு உண்டு: பையன்களுக்கு மரவேலை, உலோகவேலை, பெண்பிள்ளைகளுக்குச் சமையல், தையல். 1975இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தபிறகுதான் இந்தப் பிரிப்பு சட்டப்படி செல்லாததானது.

எழுபதுகளில் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் இருந்த புரூஸ் ஆர்ச்சர் வேறொரு வாதத்தை வைத்தார். பொதுக்கல்வியில் அறிவியல் ஒரு பகுதி, மானுடப் பாடங்கள் ஒரு பகுதி. இவற்றோடு சமமாக நிற்கும் மூன்றாவது பகுதி வடிவமைப்பு என்றார். முதலிரண்டுக்கும் எண்ணும் எழுத்தும்போல, இதற்கு மாதிரி செய்து பார்ப்பதே மொழி. கைவேலையை ‘மற்றவர்களின்’ பாடம் என்ற இடத்திலிருந்து தூக்கி எல்லோருடைய பாடமாக வைக்க இந்த வாதம் வழி திறந்தது. 1988இல் கல்விச் சீர்திருத்தச் சட்டம் தேசியப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. 1990 முதல் ஐந்து வயதிலிருந்து பதினாறு வரை டிசைன் அண்ட் டெக்னாலஜி கட்டாயப் பாடமானது. அதற்காக உழைத்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஐவ் என்ற பள்ளி ஆய்வாளர். வெள்ளிவேலை அறிந்தவர், கைவினை ஆசிரியராக இருந்தவர். ஐபோனை வடிவமைத்த ஜோனி ஐவின் தந்தை.

தொடக்கம் குளறுபடிதான். மரவேலை ஆசிரியர், சமையல் ஆசிரியர், தையல் ஆசிரியர், வணிகவியல் ஆசிரியர் எல்லோரையும் ஒரே பாடத்துக்குள் தள்ளி, ‘இனி நீங்கள் எல்லோரும் டெக்னாலஜி’ என்றார்கள். பிள்ளைகள் பொருள் செய்வதை விட்டுக் கோப்பை அலங்கரிப்பதிலேயே பொழுதைக் கழித்தார்கள். பொறியியல் கவுன்சிலுக்காக ஆலன் ஸ்மிதர்ஸும் பமீலா ராபின்சனும் 1992இல் எழுதிய அறிக்கை இந்தக் குழப்பத்தைக் கடுமையாகவே சாடியது. அந்த நோய் இன்றும் முழுக்கத் தீரவில்லை. 80 மதிப்பெண் யோசனைக்கு என்றால், யோசித்ததாகக் காட்டிக்கொள்ளும் வித்தையும் கூடவே வளரும். பொருளை முடித்துவிட்டு, ‘ஆரம்ப யோசனைகள்’ என்று ஆறு படங்களைப் பின்னால் வரைந்து சேர்க்கும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருப்பார்கள். மதிப்பிடுபவர் சொந்த ஆசிரியர். வாரியம் மாதிரிக்குச் சில கோப்புகளைத்தான் எடுத்துச் சரிபார்க்கிறது. நல்ல ஆசிரியரைத் தவிர இதற்கு வேறு காவல் கிடையாது.

இப்போதைய வடிவம் 2017இல் கற்பிக்கத் தொடங்கி 2019இல் முதல் தேர்வு கண்டது. அதற்கு முன் மரம்-உலோகம், துணி, வரைகலை, மின்னணு எனத் தனித்தனித் தேர்வுகள் இருந்தன. அவற்றை ஒன்றாக்கினார்கள், சமையலும் உணவும் தனிப் பாடமாகப் பிரிந்து போயின. பொருளை முதலில் முடிவுசெய்யாமல் பிரச்சினையிலிருந்து தொடங்கு என்பதே இந்த ஒன்றிணைப்பின் காரணம். துணிப் பாடம் எடுத்த பிள்ளை எந்தப் பிரச்சினைக்கும் பை தைத்துக் கொடுத்தால் அது வடிவமைப்பு ஆகாதல்லவா?

ஜி.சி.எஸ்.இ.க்கு முந்தைய மூன்று ஆண்டுகளில், பதினொன்று முதல் பதினான்கு வயதுவரை, வகுப்புகள் சுழற்சியில் நடக்கும். சில வாரம் மரம், சில வாரம் துணி, சில வாரம் உணவு, சில வாரம் மின்னணு. தலைமுறை தலைமுறையாக எல்லாப் பள்ளியிலும் செய்யப்படும் பொருள்கள் சில உண்டு: சாவிக்கொத்து, அக்ரிலிக் கடிகாரம், கைநடுக்க விளையாட்டு. கடைசியாகச் சொன்னது, வளைந்து நெளிந்த கம்பி ஒன்றின்மேல் படாமல் வளையத்தை நகர்த்துவது. பட்டால் சுற்று மூடி பஸ்ஸர் அலறும். சால்டரிங், சுற்று, கம்பி வளைப்பு எல்லாம் அதிலேயே வந்துவிடும். கடிகாரத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. முப்பது பிள்ளைகள், முப்பது ஒரே மாதிரிக் கடிகாரங்கள், நிறம் மட்டும் வேறு. கருவி பிடிக்கக் கற்கிறார்கள், முடிவெடுக்கக் கற்பதில்லை.

பல பள்ளிகளில் இப்போது லேசர் வெட்டுப்பொறி இருக்கிறது. கணினியில் வரைந்தால் அது பலகையை அச்சுப்பிசகாமல் வெட்டித் தரும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் லேசர் போகும் வழியில் பலகையில் சிறு பங்கு எரிந்து போகிறது, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு என்பதுபோல. திரையில் கச்சிதமாகப் பொருந்திய பெட்டி மூலைகள் கையில் வந்ததும் ஆடும். கைரம்பத்தால் அறுத்துப் பழகிய பிள்ளைக்கு ரம்பத்தின் தடிமன் பலகையைத் தின்னும் என்று தெரியும். கோட்டின் எந்தப் பக்கம் அறுக்க வேண்டும் என்பது அதன் விரலில் இருக்கும். திரையிலிருந்து தொடங்கிய பிள்ளைக்கு அது மர்மம். அதனால் கைரம்பம் முதலில், லேசர் பிறகு என்று சொல்லும் ஆசிரியர்கள் பக்கம்தான் நான்.

இந்தப் பாடத்துக்குச் செலவு அதிகம். மரம், அக்ரிலிக், பசை எல்லாம் ஆண்டுதோறும் தீரும் சரக்கு. பட்டறைச் சுவர்களில் ஆங்காங்கே சிவப்புப் பொத்தான்கள் இருக்கும். எதை அழுத்தினாலும் எல்லா இயந்திரங்களும் நின்றுவிடும். எம்.டி.எஃப். என்ற மரநார்ப் பலகையின் தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் உறிஞ்சும் கருவி வேண்டும். பிரிட்டிஷ் பாதுகாப்பு நெறிமுறையான பி.எஸ். 4163, ஓர் ஆசிரியரின் பொறுப்பில் இருபது பிள்ளைகளுக்கு மேல் பட்டறையில் இருக்கலாகாது என்று பரிந்துரைக்கிறது. பலகையை முன்கூட்டியே வெட்டி வைக்கவும் ரம்பத்துக்குக் கூர் பார்க்கவும் டெக்னீஷியன் ஒருவர் வேண்டும். வரலாற்று வகுப்புக்கு இவை எதுவும் வேண்டாம். பள்ளி நிதி இறுகும்போது முதலில் போகிறவர் டெக்னீஷியன்தான். அவர் போனதும் ஆசிரியர் மாலைகளில் பலகை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிறகு அவரும் போய்விடுவார்.

அப்படித்தான் நடந்தது. ஆனால் செலவு மட்டும் காரணமில்லை. 2004இல் பதினான்கு வயதுக்கு மேல் இது விருப்பப் பாடமானது. 2010இல் அரசு ‘இங்கிலீஷ் பாக்கலோரியேட்’ என்றோர் அளவுகோலை அறிவித்தது: ஆங்கிலம், கணிதம், அறிவியல், ஒரு மொழி, வரலாறு அல்லது புவியியல். பள்ளிகளை இதை வைத்து ஒப்பிட்டார்கள். பட்டியலில் டி.டி. இல்லை, பள்ளிகளும் பெற்றோரும் கணக்குப் புரிந்துகொண்டார்கள். 2000களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள் எழுதிய தேர்வை இப்போது எழுதுபவர்கள் ஒரு லட்சத்துக்கும் கீழே. உணவுப் பாடம் பிரிந்ததைக் கழித்துப் பார்த்தாலும் இது பெரும் சரிவு. ஆசிரியர் எண்ணிக்கையும் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அந்த அளவுகோலைக் கைவிடுவதாக அரசு 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது. ஆனால் மூடிய பட்டறைகளில் பல, கணினி அறைகளாகவும் சாதாரண வகுப்பறைகளாகவும் ஏற்கெனவே மாறிவிட்டன.

இப்படி ஒரு பாடத்தை இங்கே கொண்டுவரலாமா? தமிழ்நாட்டில் பள்ளியில் கைத்தொழில் என்று சொன்னால் கேட்பவர் முகம் மாறும். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு சென்னை மாநிலக் கிராமத் தொடக்கப் பள்ளிகளின் வகுப்பு நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்சப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்று, பெரியாரும் தி.மு.க.வும் காங்கிரசுக்குள்ளேயே பலரும் எதிர்த்து, 1954இல் காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் கைவிடப்பட்டது. இன்றும் பள்ளியில் தொழில் பயிற்சி பற்றிய எந்த அறிவிப்பு வந்தாலும் அந்தப் பழைய நினைவு முன்னால் வந்து நிற்கிறது. நிற்கட்டும். அந்த எச்சரிக்கை வேண்டியதுதான்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதையும் பார்க்க வேண்டும். குலக்கல்வியில் யார் என்ன கற்பது என்பதைப் பிறப்பு முடிவுசெய்தது. அதற்காகப் படிப்பு நேரம் வெட்டப்பட்டது. கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் அந்தத் திட்டம். டி.டி. கட்டாயமாக இருந்த காலத்தில் அரசுப் பள்ளியில் படித்த மருத்துவர் மகளும் மற்றவர்களைப் போலவே வைஸ் என்ற பிடிப்பானில் பலகையை முடுக்கினாள். பிள்ளையைத் தச்சராக்குவது அதன் நோக்கமாக இருந்ததே இல்லை. சோதிக்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பாடத்தை ‘யாருக்கு’ வைக்கிறார்கள்? மதிப்பெண் குறைந்தவர்களை ஒதுக்கித் தள்ளும் இடமாக வைத்தால், எவ்வளவு நவீனமான பெயர் கொடுத்தாலும் அது செகண்டரி மாடர்ன் பள்ளியின் மரவேலை வகுப்புதான். மேல்நிலை வகுப்புகளில் நம் தொழிற்கல்விப் பிரிவைப் பெற்றோர் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் தமிழ்வழி மாணவர்கள் வடிவமைப்புப் பாடத்தை இன்னும் நேரடியாக அறிவார்கள். அங்குள்ள க.பொ.த. பொதுத்தேர்வின் சாதாரண தரத்தில் ‘வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும்’ என்பதுபோன்ற பெயர்களிலேயே விருப்பப் பாடங்கள் உள்ளன. 2013 முதல் உயர்தரத்திலும் தொழினுட்பப் பிரிவு ஒன்று இருக்கிறது. பாடத்தின் பெயர் முதற்கொண்டு தமிழிலேயே நடக்கும் வடிவமைப்புக் கல்வி அங்கே இருக்கிறது. தமிழ்நாட்டு ஆசிரியர்கள் அந்தப் பாடநூல்களைப் புரட்டிப் பார்த்தாலே பாதி கலைச்சொல் வேலை முடிந்துவிடும்.

லேசர் இல்லாத, பட்டறையே இல்லாத ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இதைத் தொடங்க முடியுமா? மதிப்பெண் பட்டியலுக்கே திரும்பிப் போனால், 20 மதிப்பெண்ணுக்குத்தான் பட்டறை தேவை. தேவையைக் கண்டறிவது, வரையறுப்பது, யோசிப்பது, வளர்ப்பது, சோதிப்பது எல்லாவற்றுக்கும் அட்டைப்பெட்டி, கத்தரி, அளவுகோல், ஒட்டுநாடா போதும். சத்துணவு முடிந்து தட்டுக் கழுவும் குழாயடியில் ஏன் வரிசை நகர மாட்டேன் என்கிறது என்று எட்டாம் வகுப்பு ஒரு வாரம் பார்க்கட்டும். குழாய்களுக்கு இடையே எவ்வளவு தூரம், ஒரு பிள்ளைக்கு எத்தனை விநாடி ஆகிறது, ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளக்கட்டும். சோதிக்கக்கூடிய ஐந்து வரிகளில் வரையறை எழுதட்டும். அட்டையில் மூன்று விதமாகச் செய்து பார்க்கட்டும். அதற்குப் பிறகு ஊரிலுள்ள வெல்டிங் பட்டறைக்காரரையோ கொத்தனாரையோ பள்ளிக்கு அழைத்தால், அவர் பிள்ளைகளிடம் கேட்கப்போகும் கேள்விகளே அடுத்த பாடம். காசு பெரிதாக ஆகாது. நேரம்தான் ஆகும். 35 மணி நேரத்தை எந்தப் பாடவேளைகளிலிருந்து எடுப்பது என்று தலைமையாசிரியரோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்பில் கேட்டால் கிடைக்காது. எட்டாம் வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம்.